நாராயணசாமியின் நீலப் பக்கெட்

அப்பாவின் உடலை ஏற்றிய வண்டி பெங்களூர் ஈஜிபுராத் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் பெண்கள் வீடு கழுவ ஆரம்பித்தார்கள். வீணா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்படி மூலைக்குப் போனாள். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த பாக்கெட்டைக் கிழித்து வெள்ளைப் பொடியை உள்ளே கொட்டினாள்.

"இன்னாடி கலக்குற?"

வாசற்படியில் மரகதம் அத்தை, அப்பாவின் தங்கை, முழங்கால் வரை நனைந்த புடவையோடு நின்றிருந்தாள்.

"மருந்து அத்தை. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எனக்குக் குடல் டெஸ்டு. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியிலேர்ந்து இதக் குடிக்கணும்."

"நாளைக்கா? உங்கப்பன் இன்னும் மயானம் போய்ச் சேரல. பதினாறு நாளு வாசப்படி தாண்டக் கூடாது, தெரியுமில்ல?"

"இந்தத் தேதிக்கு அஞ்சு வாரம் காத்திருந்தேன். விட்டா அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சுதான்."

"ரெண்டு மாசத்துல ஒண்ணும் குடி முழுகிடாது."

வீணா பாட்டிலைக் குலுக்கினாள். பெரியப்பா நாற்பத்தொரு வயதில் வயிற்றுக் கட்டி என்று போனார். அப்பா ஐம்பத்தொன்றில், குடல் புற்றுநோய் என்று பெயர் தெரிந்து நாற்பதே நாளில் போய்விட்டார். வார்டில் டாக்டரம்மா எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிறுத்தி வைத்துச் சொன்னார்: "அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சின்ன வயசுல வந்திருக்கு. கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க, எல்லாரும் பாத்துக்கணும். ஆரம்பத்துலயே பாத்தா ஒண்ணுமில்லாம பண்ணிடலாம்." அண்ணன் விக்கி "பாக்கலாம்" என்றான். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தேதி வாங்கியது வீணா மட்டும்தான்.

ஐந்து மணிக்கு முதல் டம்ளர். எலுமிச்சை மிட்டாயை உப்புத் தண்ணீரில் கரைத்தது போல வழவழவென்று இறங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று ஆஸ்பத்திரித் தாளில் இருந்தது. கன்னடத்தில் அச்சடித்த அந்தத் தாளை அவள் மனப்பாடமாகவே வைத்திருந்தாள். இருந்தும் ஒவ்வொரு டம்ளருக்கும் முன்னால் எடுத்துப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு மமதா ஒரு தூக்குச் சட்டி சாதமும், தனியாக ஒரு செம்பில் சிவப்புச் சர்பத்தும் கொண்டுவந்தாள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது.

"நின்னெயிந்த ஏனும் தின்னல, நேத்துலேர்ந்து ஒண்ணுமே தின்னல, பாவம். இதாச்சும் குடி."

"சிவப்பு வேணாங்க்கா. குடலுக்குள்ள பாத்தா ரத்தம் மாதிரி தெரியுமாம். தெளிஞ்ச தண்ணி, எளநீ, பாலில்லாத டீ, அவ்ளோதான்."

நேற்று முழுக்க அவள் சாப்பிடாததைப் பார்த்து, அப்பன் மேல் எவ்வளவு பாசம் என்று சாவு வீட்டில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். வீணாவுக்கு அது குறுகுறுத்தது. பாசத்தினால் பட்டினி கிடக்கிறாளா, தாளில் எழுதியிருப்பதால் கிடக்கிறாளா? அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான்காவது டம்ளரின்போது ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பி, குழாயடியில் குளித்துவிட்டு, காம்பவுண்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எட்டுக் குடித்தனத்துக்கும் அந்தக் கோடியில் ஒரே கக்கூஸ். மொட்டைத் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு விக்கி அவளிடம் வந்தான்.

"வீணா, நாளைக்கு ஏழரைக்குப் பால் தெளிக்கப் போவணும். நான்தான் ஊத்தணுமாம். உங்கூட வர முடியாதுடி."

அவள் தாளைப் பார்க்கவில்லை. அந்த வரி அவளுக்குத் தெரியும். மயக்க ஊசி போடுவதால் வீட்டு ஆள் ஒருவர் கூட வரவேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"வேற யாரையாச்சும் பாக்குறேன்" என்றாள். யாரை என்று தெரியவில்லை. ஐந்தாவது டம்ளரை ஊற்றினாள்.

அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுக்குடி மறுபடி குடிக்கிற? கீழ ஊத்து."

"மாட்டேன்."

"உங்கப்பன் மாதிரியே புடிவாதம்." அத்தை முந்தானை மறைவிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, வெந்தயம் போட்ட மோரை இரண்டு மடக்குக் குடித்தாள். தன் ஊர் ஆனேக்கல்லிலிருந்து பஸ் ஏறும்போதே கொண்டுவந்தது.

"அது எதுக்கு அத்தை?"

"உடம்பு சூடு. உன் வேலையப் பாரு."

வெளியே ஆறாம் நம்பர் வீட்டு ரெமிஜியஸ் பேசிக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் மௌனம் அவருக்கு ஆகாது.

"நாராயணசாமி மாதிரி ஒரு ஆளு கெடைக்குமாய்யா? ஹெப்பகோடி கேன்டீன் வேலைக்கு அஞ்சு மணி பஸ்ஸு. நாலு மணிக்கே எழுந்து, அந்த நீலப் பக்கெட்டுல நாலு வாட்டி தண்ணி மொண்டு, கக்கூஸைப் பளபளன்னு கழுவி வுட்டுட்டுத்தான் கெளம்புவாரு. ஒரு வருஷமா! எட்டு வீட்டுக்கும் சேவை. இனிமே யாரு கழுவுவா, சொல்லு?"

"நீதான், அழுக்கு தெரியக் கண்ணாடி போட்டுக்கினு" என்றார் ஒருவர். தணிந்த குரலில் சிரித்தார்கள்.

வீணாவின் கையில் டம்ளர் நின்றது. எத்தனை நாளாக ரத்தம் போகிறது என்று டாக்டரம்மா கேட்டபோது அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. "ஒரு வருஷம் இருக்கும்மா. சூடுன்னு நெனச்சிக்கினேன்." வெந்தயம், மோர், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். நீலப் பக்கெட் எதற்கென்று வீணாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

வயிறு ஒரு முறை உருண்டது. அடுத்த நிமிடம் மறுபடி. தாளில் இருந்ததைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டது.

அவள் நீலப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டில் இறங்கினாள். கக்கூஸ் வாசலில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான்கும் ஆண்கள்.

"ஏய், நில்லுடி" என்று பின்னாலிருந்து அத்தை பல்லைக் கடித்தாள். "எல்லாம் பாக்குறாங்க. மானம் போவுது."

"கொஞ்சம் வழி வுடுங்க" என்றாள் வீணா. "இன்னும் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு நான் வந்து வந்து போவேன். அவசரம்னா மமதாக்கா சொந்தக்காரங்க வீடு எதுத்தாப்புல இருக்கு, அங்க போங்க."

"இன்னாம்மா, வயிறு சரியில்லையா?"

"வயித்தக் காலி பண்றேன். நாளைக்குக் குடலுக்குள்ள கேமரா வுட்டுப் பாக்கப் போறாங்க."

"கேமராவா? எந்த வழியா?" என்றார் ரெமிஜியஸ் சிரித்தபடி.

"பின்வழியாத்தான் அங்கிள். ஊசி போட்டுத் தூங்க வெச்சிருவாங்க. அரை மணி நேரம். சின்னக் கட்டி இருந்தா அப்பவே வெட்டி எடுத்துருவாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்."

"ஆம்பளைங்க முன்னாடி ஒரு பொண்ணு பேசுற பேச்சாம்மா இது? உங்கப்பன் இருந்தா..." என்றார் ரெமிஜியஸ்.

"எங்கப்பா உங்க யாருக்காகவும் கழுவல அங்கிள்." பக்கெட்டை மறு கைக்கு மாற்றினாள். "அவருக்கு ரத்தம் போச்சு. அடுத்தவங்க கண்ணுல படக் கூடாதுன்னு கழுவினாரு. தெனம் நாலு பக்கெட்டு. ஒரு நாள் கழுவாம வுட்டிருந்தா, உங்கள்ல ஒருத்தர் பாத்துட்டு யாரு வீட்டு ரத்தம்னு சத்தம் போட்டிருந்தா, எங்கப்பா இன்னிக்கு உக்காந்து உங்களோட டீ குடிச்சிட்டு இருந்திருப்பாரு."

வரிசையில் முதல் ஆள் விலகினார். மற்றவர்களும் விலகினார்கள்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அப்பா ஒரு வருஷம் காப்பாற்றியதை ஒரே நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டாளே. சரியா, தப்பா? தாளில் அதற்கு வரி இல்லை.

பத்தாவது டம்ளர் முடிந்தபோது வெயில் இறங்கி, காம்பவுண்டுச் சுவரில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் இருந்தது. எத்தனை முறை போய் வந்தாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு. தாளில் இருந்தபடியே கடைசியில் வெறும் வெளிர்மஞ்சள் தண்ணீர்தான். இரண்டு முறை உற்றுப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

கதவைத் திறந்தபோது வெளியே அத்தை மட்டும் நின்றிருந்தாள். வரிசை இல்லை. நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. குழாயடியில் நிரப்பிய நீலப் பக்கெட் அத்தையின் காலடியில் இருந்தது.

"அந்தத் தாள குடு."

வீணா கொடுத்தாள். ஆனேக்கல்லில் ஏழாவது வரை கன்னடம் படித்தவள் அத்தை. விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

"கூட ஒரு ஆளு வரணும்னு போட்டிருக்கு."

"ஆமா அத்தை."

"நான் வரேன்."

"தீட்டுன்னு..."

"வரேன்னு சொல்றேன்ல?" தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். "டாக்டரம்மா இருப்பாங்களா, அந்த வார்டுல பேசினவங்க?"

"இருப்பாங்க."

அத்தை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வீணா சுவரில் சாய்ந்து நின்றாள். தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். மமதா வீட்டில் யாரோ குக்கர் ஏற்றினார்கள். ஒரு விசில், இரண்டு விசில். தண்ணீர்ச் சத்தம் வரவில்லை.

தாழ்ப்பாள் திறந்தது. அத்தை கதவை அகலமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தெருப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள்.

"வந்து பாரு" என்றாள்.

வீணா உள்ளே எட்டி விளக்கைப் போட்டாள். பீங்கானில் ரத்தச் சிவப்பு. நீலப் பக்கெட்டில் தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது.