மருமகள் வாசித்த திருத்தம்

ஊரெங்கும் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் அவளுக்கு மாமியாரின் மூச்சிரைப்புதான் பெரிய கவலை. கணவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் இவர்கள் இருவர்தான். அலைந்து திரிந்து அத்தைக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்திருந்தாள். கிளம்பும் நேரத்தில் அத்தை, வரமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முந்தின நாள் செய்திதான் காரணம். ஊசி போட்டுக்கொண்ட ஒரு பேருந்து ஓட்டுநர் இறந்துபோயிருந்தார். "தடுப்பூசி போட்டவர் பலி" என்று பொழுதுக்கும் திரையில் சிவப்பாக ஓடியது. வாசித்தது அவளேதான்.

அத்தை மறுத்த அன்றே மதியம், அவள் தொலைக்காட்சி நிலையத்தில் இருந்தபோது, மருத்துவ அறிக்கை வந்தது. ஓட்டுநருக்கு நெடுநாளாக இதய நோய். சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. நிலையம் அதைத் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஓடவிட்டது. அத்தையின் கண்ணுக்கு அது எட்டவே இல்லை. அவள் வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"வீட்டுல நீ என் மருமக," என்றார் அத்தை. "என் நல்லதுக்குன்னா பொய்யும் சொல்லுவே. டிவில பொய் சொல்லமாட்டே."

போனை வைத்துவிட்டுச் செய்தி ஆசிரியரின் அறைக்குப் போய், திருத்தத்தை மாலைச் செய்தியில் முதலில் வாசிக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், திருத்தத்தையெல்லாம் யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்றார்.

"எங்க அத்தை பாப்பாங்க, சார்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. முதலில் வேண்டாம், நடுவில் வாசித்துக்கொள் என்றார்.

எழுதிக் கொடுத்ததில் 'செய்தி வெளியானது' என்றிருந்தது. அவள் அதை மாற்றி, "நேற்று நான் வாசித்த செய்தி உங்களைப் பயமுறுத்தியிருக்கும். அந்தப் பயத்துக்குக் காரணமில்லை" என்று நிதானமாகச் சொல்லி, அறிக்கையை முழுதாக வாசித்தாள்.

வீடு திரும்பியபோது அத்தை கதவருகிலேயே நின்றிருந்தார். கீழ் வீட்டுக்காரர்களும் பார்த்தார்களாம்; அவர்களும் வருகிறார்களாம்.

மறுநாள் சுகாதார நிலைய வரிசையில் ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, உங்களால்தான் என் தம்பி ஊசி வேண்டாமென்று ஊருக்குப் போய்விட்டான் என்று கடிந்துகொண்டார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அவனிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். அவர் அங்கேயே தம்பிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அவனுக்கு ஆயிரம் சந்தேகம். அவள் பொறுமையாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வரிசை பாதி நகர்ந்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

ஊசி ஏறும்போது அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் அவருக்குக் கை வலி; தூக்கவே முடியவில்லை. சீப்பை எடுத்து அவளே தலை வாரிவிட உட்கார்ந்தாள். நரைத்த முடி மெல்லிசாக, வழுவழுப்பாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை.

"இன்னும் கொஞ்சம் வாரு," என்றார் அத்தை, சிக்கு எப்போதோ எடுபட்டிருந்தும்.