தசரதன் பேரில் ஒரு வீடு

ஜுரம் கண்ட நாலாம் நாள் காலையிலும் கங்கம்மாவின் புருஷன் சம்பங்கி கண்ணைத் திறக்கவில்லை. தசரதன் ஆணியில் தொங்கிய அவனுடைய சுரங்க நம்பர் பொறித்த பித்தளைப் பில்லையை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். கஞ்சி கிளறிக்கொண்டிருந்த கங்கம்மா அகப்பையோடு எழுந்து வந்தாள்.

"இன்னாடா பண்ற?"

"மாமாவுக்கு பதிலு நான் எறங்கிட்டு வர்றேன்க்கா. எவன் கழுத்துல தொங்குறோம்னு பில்லைக்கா தெரியப் போவுது?"

அவள் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஐந்து நாள் பில்லை தங்கச் சுரங்கத்துக்குள் இறங்காவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் வேலை போச்சு, வேலை போனால் வீடும் போச்சு.

வீடு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். நாலு பக்கமும் மூங்கில் தட்டி, மேலே தகரம், குனியாமல் நுழைந்தால் நெற்றி வீங்கும். இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் பார்வதம்மா என்ன ஏதென்று கேட்பாள். அதற்கே மூன்று வருஷம் ஆயிற்று. முதல் வருஷம் பங்காருபேட்டைக்கு அப்பால் ஒரு மாட்டுக்கொட்டகையின் மூலையில் குடியிருந்து, இருட்டோடு எழுந்து எட்டு மைல் நடந்து வந்தார்கள். சம்பங்கி சுரங்கத்துக்குள், அவள் மேலே கல் பொறுக்க. ரயில் வந்துவிட்டிருந்தது என்னமோ உண்மைதான். தினமும் அதில் ஏறினால் சோற்றுக்கு என்ன செய்வது? அந்த நடையில்தான் ஏழு மாதத்துப் பிள்ளை ரோட்டோரப் புங்கமரத்தடியில் பிறந்து அங்கேயே அடங்கியது. பிறகு மேஸ்திரியின் கொட்டகையில் நாலு குடும்பம், நடுவில் பழைய சேலைகள். வெளியில் ஒரு அறை பிடிக்கலாமென்றால் பாதிக் கூலியைக் கேட்டார்கள். கம்பெனி வீடோ ஒருத்தன் செத்தால் உண்டு, ஓடினால் உண்டு. அப்போதும் மேஸ்திரி மனசு வைக்க வேண்டும். கங்கம்மாவின் கம்மலும் அம்மா கொடுத்த இரண்டு ஆடுகளும் போன பிறகுதான் அவர் மனசு வைத்தார்.

குடிவந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. தரையை மெழுகிவிட்டு, காயும்வரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். குடியாத்தத்துப் பக்கம் ஊரிலிருந்து தம்பி கேழ்வரகு மூட்டையோடு வந்ததே அக்காவின் வீட்டைப் பார்க்கத்தான்.

தசரதன் மூன்று ஷிப்ட் இறங்கி ஏறினான். நாலாவதில் பாறை சரிந்தது.

பிணம் வருவதற்கு முன்னால் மேஸ்திரி வந்தார். மார்பில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடப் போனவளைப் பார்வதம்மா பிடித்து உள்ளே தள்ளித் தட்டிக் கதவைச் சாத்தினாள்.

"அப்பறம் அழுவலாம், மொதல்ல நான் சொல்றத கேளு" என்றார் மேஸ்திரி. "பில்லைய வெச்சி சம்பங்கி செத்துட்டான்னு தொரை எழுதிட்டாரு. இப்ப நீ தம்பின்னு கத்துனா, ஆள மாத்தி அனுப்புன குத்தம். ஒம்புருசனுக்கு எந்த சொரங்கத்துலயும் வேல கெடைக்காது. வீட்ட இன்னிக்கே காலி பண்ணும்பாங்க. எனக்குந்தான் கேடு. கொஞ்ச நாளு போவட்டும். தசரதன் பேருல ஒரு புதுப் பில்லை வாங்கித் தர்றேன். ஒம்புருசன் தசரதனாப் பூடட்டும். தாலியறுத்த அக்காவும் தம்பியும் கீறாங்கன்னா வீட்ட உட்டுடுவாங்க. ஊருக்குச் சேதி போவக்கூடாது. போனா, ஒரே வாரத்துல ஆபீசுக்கு வந்துடும்."

கம்பளிக்குள்ளிருந்து சம்பங்கி தலையைத் தூக்கினான். ஜுரத்தில் பல் அடித்துக்கொண்டது.

"வாணாம் கங்கா. ஊருக்குப் பூடலாம். நான் உசுரோட கீறப்ப நீ ஏன் தாலிய அவுக்கணும்?"

அவள் அவனையே பார்த்தாள். தம்பி இன்னும் வீடு வந்து சேரவில்லை. அதற்குள் என்ன யோசிக்கிறோம் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் கண்முன் வந்து நின்றது அந்த ரோடுதான், அந்தப் புங்கமரம்தான்.

"எந்த வழியா போறதாம்?" என்றாள். "அதே ரோட்டுலியா?"

சம்பங்கி கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவளே கழுத்துக் கயிற்றை அவிழ்த்து அரிசிப் பானைக்குள் போட்டாள்.

சாவுக்குக் கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார். நல்ல மனுஷன்தான், கொஞ்சம் சீக்கிரம் போயிருந்தால் இன்னும் நல்ல மனுஷன். அவர் நின்றதால் கங்கம்மா புருஷன் பேரைச் சொல்லித்தான் அழ வேண்டியிருந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து சம்பங்கி, சம்பங்கி என்று அலறினாள். உள்ளே ஜுரத்தோடு படுத்திருந்தவன் தன் சாவுக்குப் பெண்டாட்டி அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். தசரதன் என்ற பேரை அன்று ஒருத்தர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. பேர் சொல்லி அழ ஆளில்லாமல் அவன் மண்ணுக்குள் போனான்.

அந்த வீட்டு வரிசையில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். எவரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தகரத்தின் கீழும் ஏதோ ஒரு பொய் குடியிருந்தது.

இருபது நாள் கழித்து டைம் ஆபீஸில் ஆஜர் எழுதும் குமாஸ்தா புத்தகத்தோடு வந்தார். அவருக்கு நம்பர்கள் தெரியும், முகங்கள் தெரியாது. வெறும் கழுத்தையும் வெறும் நெற்றியையும் பார்த்து ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சம்பங்கியைக் காட்டிக் கேட்டார்.

"இவரு யாரும்மா?"

"தம்பிங்க."

"பேரு?"

சம்பங்கி தொண்டையைக் கனைத்தான். மறுபடியும் கனைத்தான். "தசரதன்" என்று கங்கம்மாதான் சொன்னாள். குமாஸ்தா எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அது தசரதன் வீடு.

தை பிறந்ததும் ஊரிலிருந்து சின்னசாமி வந்தார். கங்கம்மாவின் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். சம்பங்கி ஷிப்டுக்குப் போயிருந்தான். சின்னசாமி அவளைப் பார்த்ததும் திகைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா இது கோலம்! எப்ப? எங்களுக்கு ஒரு சேதி சொல்லக்கூடாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தாலி எந்தப் பானைக்குள் இருக்கிறது என்பதா அவரிடம் சொல்லக்கூடியது?

"தசரதன் எங்க? கேவுரு குடுத்துட்டு வர்றேன்னு போனவன் திரும்பவே இல்லியேன்னு ஒங்கம்மா வழியப் பாத்துக்கினே கீது. இன்னா சொல்லட்டும்?"

அடுப்பில் உலை கொதித்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இவர் காலில் விழுந்து, தம்பி போயிட்டான் அண்ணா என்று ஒரே ஒரு தரம் வாய்விட்டு அழலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இங்கியே வேலைக்குச் சேந்துட்டான்னு சொல்லுங்கண்ணா. அவம் பேருக்கு வீடு குடுத்துருக்காங்கன்னு சொல்லுங்க."

சின்னசாமியின் முகம் தெளிந்தது. "அதாவது கெடைச்சிதே ஒனக்கு! கெழவி காதுல உழுந்தா ஒரு நாளு நிக்காது. மாசி மகத்துக்கு நானே ரயில்ல கூட்டினு வர்றேன். மவன் வீட்ட கண்ணால பாக்கட்டும்."

அவர் போன பிறகும் உலை கொதித்துக்கொண்டே இருந்தது. அரிசி போட அவளுக்குத் தோன்றவில்லை. மாசி மகத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

மாலைச் சங்கு ஊதி, ஆட்கள் வரிசை வரிசையாகத் திரும்பினார்கள். தலை முதல் கால்வரை கல் தூசி அப்பி, புருவமும் மீசையும் வெளுத்து, யார் எவரென்று பெற்றவளுக்கும் அடையாளம் தெரியாது. அதில் ஒருத்தன் பிரிந்து அவள் வாசலுக்கு வந்தான். தம்பியின் அதே உயரம், கழுத்தில் பித்தளைப் பில்லை. தண்ணீர்ப் பானையண்டை குந்தி, முகம் கழுவ இரண்டு கையையும் குவித்து நீட்டினான்.

கங்கம்மா சொம்பில் தண்ணீர் மொண்டாள். ஆனால் ஊற்றவில்லை.

"இருடா" என்றாள். "கொஞ்ச நேரம் கழுவாத."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் தூசி முகத்தை அவளுக்குக் காட்டியபடி அப்படியே குந்தியிருந்தான்.