நாலாம் நாள் விடுப்பு

கல்லூரி ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் மறுபடியும் பெஞ்சில் உட்கார வைக்கும் வகுப்பு அது. சாப்பாடு, பஸ் காசு, புத்தகம் எல்லாம் அரசாங்கச் செலவு. நான்கு வாரமும் ஒழுங்காக உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினால்தான் பதவி உயர்வு என்று 1999இல் ஆளாளுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். தத்துவம் நடத்தும் ரோஹிணிக்கு இரண்டு தடவை இடம் கிடைத்தும் போக முடியவில்லை. ஒரு தடவை பிரசவம், இன்னொரு தடவை அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். இந்தத் தடவை அப்பா சந்தானமே பிடித்துத் தள்ளினார். "சர்க்கார் காசு குடுத்துப் படின்னு சொல்றான், உனக்கென்னடி கேடு?" என்றார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எட்டு வருஷமாக வங்காளத்தில், டாக்குரியாவில் இருந்த மகள் வீட்டில்தான் இருந்தார். சாயங்காலம் அவள் ஜாதவ்பூரில் நடந்த வகுப்பிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டுவிடுவார்.

இரண்டாவது வாரம், திங்கட்கிழமை, அவள் வகுப்புக்குக் கிளம்புகிற நேரத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பம்பாயிலிருந்து அண்ணா ஹரிஷங்கர் விமானம் பிடித்து வந்து கொள்ளி வைத்தான். ரோஹிணியின் பங்கு வாய்க்கரிசி போட்டதோடு தீர்ந்தது. பிள்ளைக்குப் பத்து நாள் தீட்டு, கல்யாணமான பெண்ணுக்கு மூன்று என்று பட்டாபிராமன் சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு குளித்துவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கலாமாம். எட்டு வருஷம் வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டவளுக்கு மூன்றே நாள்! அவளுக்கு வயிறெரிந்தது. ஒரு பிடி எள்ளாவது என் கையால் அப்பாவுக்குப் போடக் கூடாதா என்று கேட்டாள். நம்மில் அந்த வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டுச் சாஸ்திரிகள் கிளம்பிப் போனார். அண்ணா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வகுப்பிலும் விடுப்பு மூன்று நாள்தான். அதற்கு மேல் ஒரு நாள் தப்பினாலும் சான்றிதழ் கிடையாது. வகுப்பை நடத்தும் சுதேஷ்ணா சென் துக்கம் கேட்கப் போன் செய்தாள். நாலாம் நாளும் வர வேண்டாம், அன்றைக்கு நீ சதுர்த்தி செய்தாக வேண்டுமே, நானே பேசி அனுமதி வாங்கிவிட்டேன் என்று வங்காளியில் சொன்னாள். வங்காளிகள் வீட்டில் கல்யாணமான பெண் நாலாம் நாள் தன் கையாலேயே தகப்பனுக்குப் பிண்டம் வைப்பாள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டாள், பாவம். எங்களுக்கு அது கிடையாது என்று சொல்ல ரோஹிணி வாயெடுத்தாள். முடியவில்லை. சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பொய் சொல்லி வாங்கின நாளாக அது போய்விடுமே என்று அன்று முழுக்க அவள் மனசு அடித்துக்கொண்டது.

நாலாம் நாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு, கணவன் கோபுவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு காளிகாட் போனாள். பிள்ளை இருக்கும்போது நீ எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? வழியெல்லாம் பதிலை யோசித்துக்கொண்டே போனாள். படித்துறைப் புரோகிதர் அப்படி எதுவும் கேட்கவில்லை. சதுர்த்திக்கு வருகிறவள் இவ்வளவு தாமதமாகவா வருவாய், வெயில் ஏறிவிட்டதே என்று கடிந்துகொண்டு தர்ப்பையை எடுத்தார். அப்பாவின் பேரும் கோத்திரமும் கேட்டார். சொன்னாள். எள்ளும் சாதமும் சேர்த்துப் பிசைந்து உருட்டும்போது, மூன்று நாளாக வராத அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வெட்கப்படாமல் வாய்விட்டு அழுதாள். புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஹரிஷங்கர் கூடத்தில் பாயில் தனியாக உட்கார்ந்திருந்தான். தீட்டுக்காரன் மேல் பட்டால் மறுபடி தலைக்குக் குளிக்க வேண்டும் என்று எல்லாரும் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டான்.

"காளிகாட்டுக்கு. அப்பாவுக்குப் பிண்டம் வெச்சுட்டு வந்தேன்."

கத்தப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் கண் கலங்கியது. "நீ கேட்டப்போ சாஸ்திரிகள்ட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்," என்றான்.

ரோஹிணி அவன் பக்கத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். அவன் சட்டென்று நகர்ந்துகொண்டான்.

"மேல பட்டுடாதேடி. நாளைக்கு நீ கிளாஸுக்குப் போகணும்."

"குளிச்சுட்டுப் போறேன், அண்ணா," என்று சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.