டிராக்டர்காரர் ஓட்டிய ஜீப்

அருணாவின் ஜீப்பில் பீடிக்கு இடமில்லை. நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஜமுனாமரத்தூர் சந்தைக்கு ஆள் ஏற்றிப் போகும் அந்த இளம்பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே கடும் ஆஸ்துமா. "பீடிய கீழ போட்டுட்டு ஏறுங்க மாமா, இல்லன்னா நடந்து வாங்க" என்று அவள் அதட்டினால், தினமும் வரும் ராஜாக்கண்ணு முனகிக்கொண்டே அணைத்துவிட்டு ஏறுவார். "இன்னா, இது பெரிய ஏரோப்ளேனா?"

காலையும் இரவும் தவறாமல் இழுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த மருந்தைக் கொஞ்ச நாளாக அவள் தொடவில்லை. மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது, மருந்து எதற்கு என்று தோன்றிவிட்டது. அவசரத்துக்கான நீல பம்ப் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

சாமை அறுவடைக் காலம். வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் கதிரைப் பரப்பியிருந்தார்கள். முன்னால் போன லாரி கிளப்பிய தூசு அப்படியே ஜீப்புக்குள் புகுந்தது. அடுத்த வளைவைத் தாண்டுவதற்குள் அருணாவின் நெஞ்சு இறுகிவிட்டது. ஓரங்கட்டினாள். நீல பம்பை அதன் பிளாஸ்டிக் குழாயில் செருகி, அழுத்தி அழுத்தி இழுத்தாள். கொஞ்சம் தளர்ந்தது, போதவில்லை. பேச வாயெடுத்தால் பாதி வார்த்தைதான் வந்தது.

"யாருக்காச்சும் வண்டி ஓட்ட வருமா?" பின்சீட்டிலிருந்து கன்னியம்மாள் அலறினாள்.

ராஜாக்கண்ணு தலையைச் சொறிந்தார். "டிராக்டர் ஓட்டுவேன்."

"அப்ப குந்து முன்னாடி!"

இரண்டாவது கியரில் போட்டவர் அதோடு சரி, மாற்றவே இல்லை. ஜீப் கதறிக்கொண்டே நகர்ந்தது. பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அருணா, "மூணு... மூணு..." என்றாள்.

"இன்னும் மூணு வாட்டி இழுக்கணுமா கண்ணு? இழு, இழு."

"மூணாவது... கியர்!"

பயந்து கிடந்த ஜீப்பில் குபீரென்று சிரிப்பு கிளம்பியது. அருணாவுக்கும் சிரிப்புதான், மூச்சுதான் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், நெபுலைசர் போட்டார்கள், ஊசி போட்டார்கள். சாயங்காலம் முகம் தெளிந்ததும் நர்ஸ் ஷோபனா கேட்டாள். "தெனசரி மருந்த எப்ப நிறுத்தின?"

"நல்லாத்தாங்க்கா இருந்துச்சு."

"அத இழுத்ததாலதான் நல்லா இருந்துச்சு. நிறுத்துனதும் மூச்சுக்குழாய் உள்ள வீங்கிப் போச்சு. நீல பம்ப் அப்போதைக்கு வழி விடும், வீக்கத்த ஆத்தாது."

கன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இனிமே நாங்க பாத்துக்கறோம் சிஸ்டர்." வாசலில் ஜீப் சனம் மொத்தமும் சந்தைக்குப் போகாமல் காத்துக் கிடந்தது.

பார்த்துக்கொண்டார்கள். அருணா திரும்ப வண்டி எடுத்த நாளிலிருந்து, ஏறுகிற ஒவ்வொருவரும் "மருந்து இழுத்தியா?" என்று கேட்காமல் உட்காருவதில்லை. "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. ரோட்டில் கதிர் கிடந்தால் மாஸ்க் போட்டுக்கொள்கிறாள். இழுப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ராஜாக்கண்ணு மட்டும் தினமும் டிரைவர் பக்கமாக வந்து நிற்கிறார்.

"எதுக்கும் நான் ஓட்டட்டுமா?"

"பின்னாடி ஏறுங்க மாமா, சந்த கலையறதுக்குள்ள போய்ச் சேரணும்."