ஜெபஸ்டின் வேகத்தைக் குறைத்தால்

புன்னைக்காயல் ஜெபஸ்டின் கடலில் படகைப் பைய ஓட்டினால் தாமிரபரணியும் பைய ஓடும். கல்யாணத்துக்கு அடுத்த வருடம் அவன் புது என்ஜின் வாங்கியதிலிருந்து இப்படித்தான். அந்தப் படகுக்குச் சின்ன என்ஜினே போதும் என்று ஊரே சொன்னது. கரையில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவன் பெரியதை மாட்டினான். சீலா மீனுக்குத் தூண்டில் இழுக்கும்போது படகு நடந்து போகிற மாதிரிப் போக வேண்டும். இவன் என்ஜினோ எவ்வளவு குறைத்தாலும் பாய்ந்தது. தூண்டிலில் கட்டிய பொய்மீன் தண்ணீருக்கு மேலே துள்ளியதில் சீலா ஏமாறத் தயாராக இல்லை. இன்னும் குறைத்தால் பிளக்கில் கரி பிடித்து என்ஜின் நின்றுபோகும். நிற்காமலிருக்க நடுநடுவே முறுக்கி இரைய விட வேண்டும். கடைசியில் பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் ஓட்டைகள் போட்டு, கயிறு கட்டிப் பின்னால் இழுத்தான். படகு அடங்கியது. அதே காலையில் திருநெல்வேலி குறுக்குத்துறையில் குளித்தவர்கள், தேய்த்த சோப்பு நுரை போகாமல் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்தார்கள்.

இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவள் அவன் மனைவி தங்கத்தாய். ஏரலுக்கு மேற்கே ஆற்றங்கரையில் அவளுக்குத் தாய்வீடு. அங்கே துணி துவைக்கும்போது அவன் போனில் "பைய ஓட்டுதேன்" என்றால் சேலை கல்லருகிலேயே கிடக்கும். "கரைக்கு வாரேன்" என்றால் ஆறு அதை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு சேலை போன பிறகு அவளுக்குச் சந்தேகம் இல்லை. விஷயம் பரவி, வாய்க்காலில் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை என்று விவசாயிகள் மனுக் கொடுத்தார்கள். ஆற்றின் அளவு பார்க்கும் அதிகாரி, தச்சநல்லூர் நாறும்பூநாதன், நேரில் வந்து சத்தம் போட்டார். இனி காலையில் மட்டும்தான் சீலாவுக்குப் போவேன் என்று ஜெபஸ்டின் ஒப்புக்கொண்டான். என்ஜினை நிறுத்தினால் ஆறு தன் போக்கில் போய்விடும், அதனால் பெரிய குறை ஒன்றும் இல்லை.

பிறகொரு மார்கழியில் வானம் பொத்துக்கொண்டது. மணிமுத்தாறு உட்பட எல்லா அணைகளையும் திறந்துவிட்டார்கள். தங்கத்தாய் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தாள், நிறைமாதம். தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது, நானும் அம்மாவும் மொட்டைமாடியில் நிற்கிறோம் என்று அவள் போன் செய்ததும் அவன் படகுக்கு ஓடினான். யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை இருந்தது. படகைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் அடித்தது. இந்த முறை நாறும்பூநாதன்.

"ஒம்மக் காலப் புடிச்சுக் கேக்கேன் வே. எவ்வளவு பையப் போக முடியுமோ அவ்வளவு பையப் போரும். மீட்புப் படகு ஒவ்வொரு மாடியா வந்துக்கிட்டிருக்கு."

முகத்துவாரத்தைத் தாண்டி வாளியைப் போட்டு அவன் என்ஜினைக் குறைத்ததும், பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளம் எறும்பு ஊர்வதுபோல் ஊர ஆரம்பித்தது. அடித்துக்கொண்டு வந்த தென்னைமரங்கள் அங்கங்கே யோசித்து நின்றன. மாடிகளில் நின்றவர்கள் கோழிகளைக்கூட ஒவ்வொன்றாக மேலே தூக்கினார்கள். ஆனால் என்ஜின் இருமத் தொடங்கியது. கரி பிடித்து நின்றுவிட்டால் தேங்கிய வெள்ளம் அத்தனையும் ஒரே பாய்ச்சலாக வரும். நிற்காமலிருக்க முறுக்கினால் முறுக்குகிற அளவுக்கு வரும்.

"ஏளா, ஒருக்க முறுக்கணும். அம்மாவக் கெட்டியாப் புடிச்சுக்கோ" என்று மனைவிக்குப் போன் செய்து சொன்னான்.

"முறுக்குங்க" என்றாள் தங்கத்தாய்.

முறுக்கினான். அதற்குள் மாடிக்கும் ஏறி முழங்காலில் நின்ற தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது. அவள் கத்தவில்லை, அவள் அம்மா கத்தினது அவனுக்குக் கேட்டது. அப்போது அவன் தன் கையை வெறுத்தான். இன்னொரு முறை முறுக்கினால் வயிற்றுப் பிள்ளைக்கு மேலே தண்ணீர் போய்விடும். அதனால் வலை, பாய், மீன்கூடை என்று படகில் கிடந்த அத்தனையையும் கயிற்றில் கட்டிப் பின்னால் போட்டான். இனி என்ஜின் தாராளமாக இரையலாம், படகு நகராது. அதற்கு விலை இருந்தது: பின்னால் இருந்து வந்த ஒவ்வொரு அலையும் படகுக்குள்ளேயே விழுந்தது. ஒரு கையால் என்ஜினைப் பிடித்து, மறு கையால் தண்ணீரை இறைத்து, தோளுக்கும் காதுக்கும் இடையே போனை இடுக்கிக்கொண்டு பேசினான்.

"சார்ஜு தீரப் போகுது. படகுல ஏறினதும் சொல்லு. நீ சொல்லுத வரைக்கும் நான் விடமாட்டேன்."

"பக்கத்து மாடியில புள்ளைங்க நிக்கி" என்றாள் அவள். "அவங்க மொதல்ல ஏறட்டும்."

"ஏறட்டும்" என்றான்.

பிள்ளைகள் ஏறினார்கள். அடுத்த நடையில் தங்கத்தாயும் அவள் அம்மாவும் ஏறினார்கள். உட்கார்ந்ததும் அவள் முதல் வேலையாக அவனைக் கூப்பிட்டாள். அவன் போன் அணைந்துவிட்டிருந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்த பிறகும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

அந்த வெள்ளம் தை பிறந்த பிறகுதான் முழுதாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெபஸ்டின் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் கண்ணில் ஒரு பலகைகூடப் படவில்லை. ஆனால் ஆறு இப்போது காலையில் மட்டும் அல்ல, எப்போதுமே பைய ஓடுகிறது. எண்ணெய் எப்படித் தீராமல் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இத்தனை பைய ஓட்டினால் எண்ணெயும் பையத்தான் தீரும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவனுக்காக இறந்தோர் பூசை வைக்கப் பங்குச் சாமியார் சம்மதிக்கவில்லை. ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து பேசச் சொன்னார். விவசாயிகள் நாற்று விடுவதைத் தள்ளிவைத்துக்கொண்டார்கள், யாரும் மனுக் கொடுக்கவில்லை. நாறும்பூநாதன் தன் பதிவில் 'வழக்கமான வேகம்' என்றே எழுதுகிறார்.

தங்கத்தாய்க்குக் கோபம் உண்டு, அதை அவள் மறைப்பதில்லை. தான் ஏறிவிட்ட தகவல் அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் அவளுடைய துக்கம், மற்றதெல்லாம் பிறகு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்துவாரத்தில் நின்று, கடலுக்குப் போகிற ஒவ்வொரு படகையும் நிறுத்திச் சொல்லி அனுப்புகிறாள். அவர்களும் ஆழம் போய்ச் சேர்ந்ததும் என்ஜினை நிறுத்திவிட்டு, நாலு பக்கமும் திரும்பிக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்: "தங்கத்தாய் ஏறிட்டா வே. கயித்த அறுத்துட்டு வீட்டுக்கு வரச் சொன்னா."