ரியாத்துக் குரல்

வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டுக்காரர் நூர் முகமது ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பியதும் நான் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவேன். இவர் ரியாத்தில் இருந்த காலத்தில் செல்போனில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் மெமரி கார்டில் கொடுத்தனுப்பிய பேச்சுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பதிந்து அனுப்புகிற பேச்சு என்றாலும் இவர் எதிரில் இருப்பதுபோலத்தான் பேசுவார். "பக்ரு, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல இடம் விட்டுச் செத்த நேரம் சும்மா இருப்பார். நானும் அடுப்படியில் நின்றுகொண்டு கிறுக்கச்சி மாதிரி பதில் சொல்வேன். பேகம்பூரில் எங்கள் தெருவே கேலி பண்ணும். எனக்கென்ன, அதெல்லாம் சந்தோஷமான நாட்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. இப்போது ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தட்டுவார், இல்லை போனில் டைப் பண்ணிக் காட்டுவார். இவர் குரல் மிச்சமிருப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். இப்போதும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் கேட்பேன்.

போன வெள்ளிக்கிழமை திறந்தால் குரல் வரவில்லை. வெள்ளைத் திரையில் கோழி கிளறிய குப்பை மாதிரி என்னென்னவோ எழுத்து. அடுத்ததைத் திறந்தேன், அதுவும் அப்படியே. சென்னையில் இருக்கும் மகள் இஃப்பத்துக்கு போன் போட்டு அழுதேன்.

"அழுவாதம்மா, ஃபைல் ஒண்ணும் கெடல. நோட்பேட்ல திறக்குற மாதிரி யாரோ மாத்தி வச்சிருக்காங்க."

"யாருடி மாத்துவா? அதுவா மாறியிருக்கும்."

"எனக்குத் தெரிஞ்சு நோட்பேடுக்கெல்லாம் தானா மாறாதும்மா. ரைட் கிளிக் பண்ணு. 'ஓப்பன் வித்'ல அந்த ஆரஞ்சுக் கூம்புப் படம் போட்ட பிளேயரைத் தொடு. கீழ 'எப்பவும் இதுலயே திற'ன்னு கேக்கும், டிக் போட்டு ஓகே குடு."

டிக் போடும்போதுதான் உறைத்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். திரும்பினால், தொழுதுவிட்டு வந்த இவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்கிறார்.

போனை வைத்துவிட்டு, "நீங்களா செஞ்சீங்க?" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு டைப் பண்ணி நீட்டினார்.

'முந்துன வாரம் சீக்கிரம் வந்துட்டேன். வாசல்ல நின்னு கேட்டேன். பெட்டிக்குள்ள இருக்குறவன்ட்ட அம்புட்டு சிரிச்சுப் பேசுற. என்ட்ட பேசுறதே இல்ல.'

கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. சொன்னது நிஜம். குரல் போனது இவருக்கு. வாயை மூடிக்கொண்டது நான். பதில் வராத இடத்தில் என்ன பேச என்று இருந்துவிட்டேன். அந்தக் காலத்தில் மட்டும் என் பதில் இவர் காதில் விழுந்ததா என்ன?

"அப்ப அழிச்சே போட்டிருக்கலாம்ல?"

'மனசு வரல.'

ஓகே கொடுத்தேன். இளவயசுக் குரல் அறை முழுக்க வந்தது. "பக்ரு, இன்னைக்கு சோத்துக்கு என்ன வெஞ்சனம்?" கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

நாற்காலியை இவர் பக்கம் திருப்பிப் போட்டேன்.

"தால்சாக் குழம்புதான். பாத்து வாங்குங்கன்னு சொன்னா கேக்குறீங்களா? கத்திரிக்காயில பாதி சொத்தை. அரிஞ்சு போடுறதுக்குள்ள..."

இவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு. பெட்டிக்குள் இருந்தவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் இவரிடம் இன்னும் பேசி முடிக்கவில்லை.