குறுக்கே கிடந்த நார்கள்

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவதும், எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்புவதுமாக இருந்தாள். மேஜையில் சக்கர நாற்காலியின் கால்தாங்கி, எடைச் சோதனையில் உடைந்து, இரண்டு துண்டாகக் கிடந்தது. உருக்கிய நைலானில் கண்ணாடி நார் கலந்து, சோதனை அச்சில் வார்த்தது. அந்தக் குழம்பு ஓடும்போது நார்கள் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் அவள் வேலை. நீளவாக்கில் படுத்தால் எடை தாங்கும். நீளவாக்கில்தான் படுக்கும் என்று சொல்லியிருந்தது அவள் கணக்கு.

"கணக்குல அந்த ஒரு எண்ணைக் கொஞ்சம் ஏத்தும்மா, கணினிப் படம் உடைஞ்ச துண்டோட பொருந்திடும்," என்றார் மேலாளர். எதைக் கேட்டாலும் 'ஆயிடும்' என்பதால் அலுவலகத்தில் அவர் ஆயிடும் சார். "சாயங்காலம் நீ கையெழுத்துப் போட்டா, நாளைக்கே பெரிய அச்சுக்கு எஃகை வெட்ட ஆரம்பிச்சுடலாம்."

"ஏத்திப் பாத்துட்டேன் சார். பொருந்துது. ஆனா ஏன் பொருந்துதுன்னு தெரியலையே!"

"அதெல்லாம் ஆயிடும்."

நார்கள் ஒன்றையொன்று எவ்வளவு இடிக்கும் என்பதற்கான எண் அது. ஏற்றியதும் படம் பொய்ப்பல் மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. அதுதான் அவளைப் படுத்தியது.

கைபேசி அடித்தது. மாமியார்.

"சாப்பிட்டியாம்மா? பெரிய மாமா வந்திருக்கார். உன் பேச்சுதான். வர்றப்போ ஒண்ணும் தெரியாம வந்தா, இப்போ அச்சு அசலா நம்ம வீட்டுப் பொண்ணாயிட்டான்னு சொல்லிட்டிருந்தேன்."

"சரி அத்தை."

வைத்த பிறகும் அந்தச் 'சரி' உதட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியாமலா வந்தாள்? அப்பாவிடம் மல்லுக்கட்டிப் படித்தவள். வாய்விட்டுச் சிரிப்பவள். அதெல்லாம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. யாரும் தொடாத இடத்தில் அப்படியே கிடக்கிறது.

சட்டென்று உடைந்த துண்டை எடுத்து உருப்பெருக்கியின் கீழே வைத்தாள். சுவரை ஒட்டிய ஓரங்களில் நார்கள் ஒழுங்காக நீளவாக்கில் கிடந்தன. சுவரோடு உரசி ஓடும் குழம்பு அவற்றை இழுத்துத் திருப்பியிருந்தது. நடுவில் உரசலே இல்லை. குழம்பு மொத்தமாக நகரும். அங்கே நார்கள் வந்தபடியே கிடந்தன, குறுக்கே.

கணக்கின் முதல் வரிக்குப் போனாள். 'உள்ளே நுழையும்போது எல்லாத் திசையும் சமம்.' மென்பொருளோடு வந்த வரி. அதன் மேல் யாருமே கை வைத்ததில்லை. ஆனால் அச்சுக்குள் நுழையும் வாசலுக்கு முன்பே குழம்பு குறுகலான வழியில் நெருக்கிப் பிதுங்கி, விசிறி மாதிரி விரிந்துதான் வருகிறது. விரியும்போதே நார்கள் குறுக்கே திரும்பிவிடும்.

"கையெழுத்துப் போட முடியாது சார்."

"என்னம்மா இது, கடைசி நேரத்துல காலை வார்ற?"

"நடுவுல குறுக்கே கிடக்கு சார். வாசலுக்கு முன்னாடியிருந்தே கணக்கு போடணும். அப்புறம் வாசலை எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணணும்."

"வர்றதுக்கு முன்னாடி அது எப்படி இருந்தா நமக்கென்ன?"

"இதே அச்சை வெட்டினா இதே மாதிரிதான் உடையும். அப்போ அது மேல ஒருத்தரோட கால் இருக்கும்."

அவர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'ஆயிடும்' வரவில்லை. "என் தலைதான் உருளப்போகுது," என்று முனகிக்கொண்டே பட்டறைக்கு போன் போட்டார். "எஃகை இறக்கி வைங்கப்பா. வெட்ட வேண்டாம்."

புதுக் கணக்கு ஓடத் தொடங்கியது. மறுபடி மாமியார்.

"சீக்கிரம் வந்துடுவல்ல? மாமா உனக்காகத்தான் காத்திருக்கார்."

"இல்ல அத்தை, வர மாட்டேன். வேலை இருக்கு."

அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்லை. இவளும் 'சரி' என்று அதை நிரப்பவில்லை. மேஜைக்குக் கீழே கால் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.